சலோத்தே அக்காவின் புகார்கள்

“விலியாமே, இணைப்பு மறுபடியும் போச்சு!”

போனில் சலோத்தே அக்காவின் குரல் கேட்டதுமே விலியாமே தலையில் கை வைத்துக்கொண்டான். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

புயலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மாடிக் கூரை பறந்ததிலிருந்து, பிஜித் தீவின் சுவா கிளையில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டிலிருந்துதான் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரை ஆபீஸோடு சேர்க்கும் வி.பி.என். இணைப்பை எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தவன் விலியாமே. கிளைக்கே அவன் ஒருவன்தான் கம்ப்யூட்டர் ஆள்.

மற்றவர்கள் அவனை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. மேனேஜரின் டைப்பிஸ்ட் சலோத்தே அக்காதான் இந்த மாதம் அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ்வேர்டு சரியா அடிச்சீங்களா அக்கா?”

“அடிச்சேனே.”

“கேப்ஸ் லாக் பாருங்க.”

“அட, எரியுதுப்பா!”

“நேத்தும் இதேதானே!”

“நேத்து நேத்தோட போச்சு. புகார் நம்பர் போட்டுட்டியா?”

“இதுக்கெல்லாமா நம்பர் போடுவாங்க?”

“நம்பரைச் சொன்னாத்தான் போனை வைப்பேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு பதிவு செய்து, நம்பரைச் சொன்னான்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடியும் அவள்தான். மோடத்துக்கு ஸ்விட்சே போடவில்லையாம்!

“அக்கா, இருபது வருஷமா வேலை பார்க்கிறீங்க. ஸ்விட்ச் போடக்கூடவா ஆள் வேணும்?”

“வயசாச்சுல்ல? நம்பர் என்ன சொன்னே?”

அவனால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு நேரிலேயே போய் ஒரு வழி பண்ணிவிடுவது என்று, அவள் வீடு இருக்கும் நசினுவுக்குப் பஸ் ஏறினான். வெளியே கொட்டுகிற மழை. கண்ணாடியில்லாத ஜன்னல்களில் தார்ப்பாயை இறக்கிவிட்ட பஸ்ஸுக்குள் புழுக்கம். இறங்கி, சேற்றில் நடந்து, தொப்பலாக அவள் வீட்டு வாசலில் நின்றான்.

கதவைத் தட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே சலோத்தே அக்கா போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பதறாதே லூசியானா. சர்வர் முகவரியில கடைசி எண் தப்பு. பழைய இணைப்பை அழிச்சுட்டுப் புதுசாப் போடு. வந்துடுச்சா? சரி, வந்ததைச் சொல்லாதே. விலியாமேயைக் கூப்பிட்டு, வரவே மாட்டேங்குதுன்னு அழு.”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

“நல்லா இருக்கு அக்கா! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கோமாளி ஆக்கறீங்க. நம்ம ஆபீஸ் லூசியானாவும் கூட்டா? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

சலோத்தே அக்கா கொடியிலிருந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“கெடுதல் பண்ணது நான்தான்ப்பா. இணைப்பு வரலைன்னா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி சரிபண்ணிக் குடுத்தேன். உனக்குப் போனே வரலை.”

“அதுக்கென்ன இப்போ?”

“போன மாசம் ஆக்லாந்து தலைமை ஆபீஸ்லேர்ந்து மேனேஜருக்குக் கடிதம் வந்துச்சு. பதில் டைப் பண்ணது நான். சுவால மாசத்துக்கு ஒம்பது புகார்தான் வருது, நாப்பதுகூட வராத ஊருக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் ஆள் எதுக்குன்னு கேட்டிருந்தாங்க. இந்த மாசக் கணக்கைப் பார்த்து முடிவு பண்ணுவாங்களாம்.”

துண்டு அவன் கையிலேயே இருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“ஒரே ஆள் பேர்லயே வந்தா... கண்டுபிடிக்க மாட்டாங்களா அக்கா?”

“அவங்க பேரா பார்க்கறாங்க? எண்ணிக்கையைத்தான் பார்க்கறாங்க. மாசம் முடிய ரெண்டு நாள்தான் இருக்கு, இன்னும் ஆறு குறையுது. நீ பாட்டுக்கு இங்க வந்து நின்னா அங்க ஆபீஸ் போனை யாரு எடுக்கறது? ஓடு!”