மதுரைக்காரி சொன்னது

பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைத்தவர்கள், அங்கே படித்தால் இருபது வருடம் கழித்துத் தாங்கள் ஆகப்போகும் ஆளோடு மூன்று நிமிடம் போனில் பேசிப் பார்க்கலாம். வேலை, சம்பளம் எதையும் கேட்கலாம். வீட்டு மனிதர்களைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

செண்பகா முதலில் சிங்கப்பூரைக் கூப்பிட்டாள். முழு உதவித்தொகை தரும் இடம். அந்தச் செண்பகா, இவள் கனவு கண்டபடியே, ஒரு வங்கிக்குத் தலைவி. அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இங்கே கோவில்பட்டி வீட்டு அடுக்களையில் அப்பா தோசை சுட்டபடி விசிலடித்தார். சிங்கப்பூர்க்காரி பேச்சைப் பாதியில் விட்டாள்.

“அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையேன்.”

மீதி நேரம் முழுக்க விசிலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தது மதுரை. பாதி உதவித்தொகைதான். அந்தச் செண்பகாவுக்குச் சம்பளமும் சுமார். எடுத்ததுமே எரிந்து விழுந்தாள்.

“முதல்ல அந்த விசிலை நிறுத்தச் சொல்லுடி. இருபது வருசமா அதே பாட்டு. இன்னைக்குக் காலையிலகூட சண்டை போட்டேன்.”

செண்பகா மதுரைக்குச் சம்மதம் அனுப்பினாள்.

அப்பா தோசைக்கரண்டியோடு ஓடி வந்தார். “கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? முழுசாத் தர்றவனை விட்டுட்டு! மதுரைக்காரி அப்படி என்னத்தச் சொன்னா?”

“உங்களைத் திட்டுனாப்பா.”