என்ன சொல்றா?

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் தமயந்தியும் ஜெனிபாவும் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்து படித்தார்கள். பிறகு தமயந்தி காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய சான்றிதழ்களை வாங்கப் பள்ளிக்கு வந்த அம்மா வெள்ளத்தாய், லேப் வாசலில் நின்று ஜெனிபாவிடம், "எம்புள்ள இதுல என்னம்மா படிச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தமயந்தி கடைசியாக எழுதிய புரோகிராமை ஜெனிபா ஓடவிட்டாள். அது பெயர் கேட்டது. வெள்ளத்தாய் தன் பெயரைச் சொல்ல, ஜெனிபா டைப் செய்தாள். "வணக்கம் வெள்ளத்தாய், நலமா?" என்று திரையில் வந்ததை வாசித்துக் காட்டினாள்.

"நல்லாருக்கேன் தாயி," என்று வெள்ளத்தாய் திரையிடம் சொன்னாள். "வேற என்ன கேக்கா?"

புரோகிராம் அத்தோடு முடிந்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து ஜெனிபாவால் அதைச் சொல்ல முடியவில்லை. "சாப்பிட்டியான்னு கேக்காம்மா," என்றாள்.

வெள்ளத்தாய் நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள். "காய்ச்சலடிக்குன்னு சொன்னா. நான் நம்பாம பள்ளிக்கூடத்துக்கு வெரட்டிவிட்டேன். எம்மேல கோவமான்னு கேளும்மா."

அன்று தமயந்தி இதே மேசையில் தலை சாய்த்துக்கொண்டு அம்மாவைக் கோபத்தோடு திட்டியது ஜெனிபாவுக்கு நினைவிருந்தது. கேள்வியை எழுத்தெழுத்தாக டைப் செய்தாள். என்டரில் வைத்த விரலை அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"என்னம்மா சொல்றா?" என்றாள் வெள்ளத்தாய்.