இன்னும் ஒரே ஒரு படம்

“உன்கிட்டதான் கேமரா இருக்கேய்யா, கணக்கரே! அப்புறம் ஸ்டுடியோக்காரனுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?” என்றார் முதலாளி.

குடை, பை, மழைக்கோட்டு விற்கும் கடை அது. முதலாளிக்கு வியாபாரிகள் சங்கத் தலைவராக வேண்டுமென்று ஆசை. தேர்தல் நெருங்கிவிட்டது. தெருக் கூட்டுகிறவர்களுக்கு அவர் மழைக்கோட்டு தானம் செய்கிற மாதிரி பேப்பரில் ஒரு படம் வந்தால் போதும், பாதி ஜெயித்த மாதிரி.

கணக்கர் வைத்திருந்தது தள்ளுபடியில் வாங்கிய குட்டி டிஜிட்டல் கேமரா. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். வாங்கினாலும் வாங்கினார், மனிதரின் அலட்டல் தாங்கவில்லை. கல்லா மேல் உட்கார்ந்த ஈயைப் படம் எடுத்து, பில் போடும் பெண்ணிடம், “பாரும்மா, கால் எத்தனைன்னு எண்ணிக்கோ” என்பார். முதலாளி அந்தக் கேமராவுக்கு வைத்திருந்த பெயர், சோப்பு டப்பா.

தூறலோடு விடிந்த ஒரு காலையில் தெருமுனையில் மேசை போட்டு, மஞ்சள் மழைக்கோட்டுகளை மலையாகக் குவித்தார்கள். துடைப்பமும் கையுமாக வரிசை நின்றது.

கூட்டுகிறவர்களின் மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார். “எல்லாருக்கும் வருமாய்யா? போன மழையில நனைஞ்சே பாதிப் பேர் காய்ச்சல்ல படுத்துட்டாங்க.”

“குவிச்சு வெச்சிருக்கேனே, கண்ணு தெரியல?” என்ற முதலாளி, கணக்கரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். “ஒரே ஒருத்தருக்குக் குடுக்குறேன். பின்னாடி குவியல் நல்லாத் தெரியுற மாதிரி எடு. எடுத்ததும் மீதியைக் கடைக்கே ஏத்திடு. மத்தவங்களுக்கு அப்புறமா வரும்னு சொல்லிக்கலாம்.”

“சரிங்க முதலாளி.” அவர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசிக் கணக்கருக்குப் பழக்கமில்லை.

முதலில் வந்த அம்மாவிடம் கோட்டை நீட்டிவிட்டு முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கேமரா கண் சிமிட்டியது.

கணக்கர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “கண்ணை மூடிட்டீங்க முதலாளி.”

“சரி, இன்னொண்ணு எடு.”

அதற்குள் அந்த அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு தூறலில் நின்றுவிட்டார். கொடுத்ததை நாலு பேர் முன்னால் கழற்றிக் கொடு என்று கேட்க முடியுமா? கேட்டாலும், நனைந்த கோட்டைப் புதுசென்று யார் தலையில் கட்டுவது?

“அடுத்த ஆள் வாங்க!” என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“கோட்டு பளபளன்னு இருக்குங்க. ஃபிளாஷ் பட்டு உங்க முகமே வெள்ளையாப் போயிடுச்சு.”

“அடுத்த ஆள்!”

“ஐயோ, என் விரல் குறுக்க வந்துடுச்சு முதலாளி. இன்னும் ஒரே ஒரு படம்.”

கோட்டு போகிற ஒவ்வொரு தடவையும் வரிசை கை தட்டியது. மேஸ்திரி கும்பிட்டே சலித்துப்போனார். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேமராவைப் பிடுங்கினார். திரையில் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

“என்னய்யா இது! என்னை எடுக்கச் சொன்னா என் தொப்பையை எடுத்து வெச்சிருக்கே?”

“ஈரத்துல கை நடுங்குதுங்க.”

“இன்னொரு தடவை நடுங்குச்சு, வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

கணக்கரின் முகம் வெளிறியது. அதற்கப்புறம் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு படத்தில் துடைப்பம் மறைத்தது. ஒரு படத்தில் லென்ஸ் மேல் மழைத்துளி. இத்தனை கோட்டைக் கொடுத்துவிட்டு ஒரு படம்கூட இல்லாமல் திரும்புவதா என்று முதலாளிக்கு வயிறு எரிந்தது.

“குவியல் போனாப் போகுது, என் மூஞ்சியாவது விழுந்தாச் சரி!” என்று கத்தினார்.

மேசையில் மிச்சமிருந்த ஒற்றைக் கோட்டைக் கடைசி ஆள் வாங்கிக்கொண்டார்.

“ஆகா! இது வந்துடுச்சு முதலாளி!” என்று கணக்கர் துள்ளினார்.

“போயும் போயும் இந்தச் சோப்பு டப்பாவை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “கடைசிக் கோட்டைக் குடுத்தப்புறம்தான்யா ஒரு படம் விழுந்துச்சு” என்று அன்று முழுக்கக் கடையில் அதே புலம்பல்.

கணக்கர் அனுப்பிவைத்த படம் மறுநாள் பேப்பரில் வந்தது. ‘மழைக்கோட்டு வள்ளல்’ என்று தலைப்பு வேறு. முதலாளி அப்படியே மாறிப்போனார். அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். கிட்டே நின்று பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். அந்தக் கண்ணாடியிலேயே தலை வாரிக்கொண்டார்.

“அள்ளி அள்ளிக் குடுத்தவன் முகத்துல ஒரு களை வரும்யா. அது தானா வர்றது!” என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

தூசி தட்ட வந்த பில் போடும் பெண் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கணக்கரிடம் கேட்டாள்.

“அண்ணே, இது கடைசியா எடுத்த படம்தானே?”

“ஆமாம்மா.”

“அப்ப மேசை காலியா இருக்கணுமே. பின்னாடி கோட்டெல்லாம் மலையாக் கிடக்கே!”

கணக்கர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“மெதுவாப் பேசும்மா. அந்தப் படத்துல அவரு தன் மூஞ்சியைத் தவிர வேற எதையும் பார்க்கல.”

பிறகு கேமராவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் பொறுமையாகத் துடைத்தபடி சொன்னார்.

“ஈயோட காலே தெளிவா விழுந்த கேமராம்மா இது. முதலாளி மூஞ்சி முதல் தடவையே விழாமலா போயிருக்கும்?”