அலமாரிக் கதவில் ஒரு கை

பேட்டரி அறையின் இரும்பு அலமாரிகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவது அவன் வழக்கம். சூடு காட்டும் கருவிகள் இருக்கத்தான் செய்கின்றன. போன வருடம் தீப்பிடித்தபோது அவை வாயே திறக்கவில்லை. கூட வேலை பார்த்த மாமா, அவன் அக்காவின் வீட்டுக்காரர், அந்தத் தீயில்தான் போய்ச் சேர்ந்தார்.

அன்று மத்தியானம் கடைசி அலமாரியின் கதவு சில்லென்றிருந்தது. நடுவில் மட்டும் ஒரு கையளவுக்குச் சூடு. அந்தச் சூட்டில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அவன் சுவிட்சை இறக்கிவிட்டான்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யாரக் கேட்டுய்யா நிறுத்தின? திரையில எல்லாம் சரியாத்தான காட்டுது? பெட்டிக்குக் காய்ச்சலா? உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காத!"

"தொறந்து பாத்துட்டுத் திட்டுங்க சார்."

திறந்தார்கள். உள்ளே ஒரு பேட்டரி பலூன் மாதிரி உப்பி, வெடிக்கக் காத்திருந்தது. சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். எதையும் சொல்லக் கூடாதென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான். சொல்லவும் இல்லை. தண்ணீர் கொடுத்த அக்கா அவன் புறங்கையைத் தன் கைக்குள் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அவருக்கு இன்னும் எரியுதாடா?"