மேலப்பாறை நிலையத்துத் தம்பதி

மேலப்பாறை ரயில் நிலையம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது சாயங்காலம் மணி நான்கு. ஜெபமணியும் அவள் கணவர் எபனேசரும் சண்டை போட்டுவிட்டு, பிளாட்பார பெஞ்சின் இரண்டு முனைகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிமிடத்தில் நிலையத்தில் இருந்ததெல்லாம் ஆவணத்தில் பதிவானது; அதில் எதையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். மனிதர்களும் அதில் அடக்கம்.

ரயில்கள் நின்றுபோயின. அவர்கள் விவாகரத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் தினமும் நான்கு முதல் ஐந்து வரை வந்து அப்படியே உட்கார்ந்தார்கள்.

ஒன்பதாம் வருடம் ஒருநாள் எபனேசர் விடாமல் இருமினார்.

“மருந்து குடிச்சீங்களா?” என்று ஜெபமணி தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“யாரு வாங்கித் தருவா?”

மறுநாள் அவள் மருந்து கொண்டுவந்தாள். அடுத்த வாரம் மிளகு ரசமும் வந்தது. பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் நிலையக் கண்காணிப்பாளர் வந்துவிட்டார்.

“ஆவணத்துல நீங்க சிரிக்கலம்மா. இது சின்னத்தைச் சேதப்படுத்துனதா ஆயிரும். ஜெயில் வரைக்கும் போகும்.”

அந்த மாதமே இருவரும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். இப்போது ஒரே ஆட்டோவில் வருகிறார்கள். சிரிப்பை அடக்குவதுதான் ஜெபமணிக்குப் பெரும்பாடு. அதனால் வாசலில் இறங்கியதும் கணவரை நிறுத்திக் கேட்கிறாள்.

“அன்னைக்குச் சண்டையில எங்கம்மாவைப் பத்திச் சொன்னீங்கல்லா, அதை ஒருக்கா சொல்லுங்க.”

அவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அவள் முகம் ஆவணத்தில் உள்ளபடி ஆகிவிடுகிறது. ஐந்து மணிக்கெல்லாம் கோபம் ஆறிவிடும். சில நாள் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நீடிக்கிறது.