டபுள் ஈக்வல்

"யாரு இந்த அதிமேதாவி?"

கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டியபடி கேட்டார் செமிகோலன் சார். ஜாவா சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். வரி முடிவில் செமிகோலன் வைக்க மறந்தவர்களை அவர் வறுத்தெடுத்ததில், மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு வெந்துபோகும் என்று யாரோ சின்ன வயதில் பயமுறுத்திவிட்டார்களோ என்னவோ!

ஜன்னலோரப் பெண் எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

"நீயா? பாஸ்வேர்டு என்ன வெச்சிருக்கே?"

"வானவில், சார்."

"நானும் வானவில்னுதான் அடிச்சேன். 'தவறு, உள்ளே வர முடியாது'ங்குது. சரியாச் சொன்னவனையே வாசல்ல நிறுத்தி வைக்குதே, இதுக்குப் பேரு ப்ரோகிராமா? வேற வேலை இருந்தாப் பாரேம்மா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"டபுள் ஈக்வல், அதான் ரெண்டு சமக்குறி, போட்டு ஒப்பிட்டிருக்கே. அது எதைப் பார்க்கும்?"

அவள் வாய் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொன்னார்.

"அட்ரஸைப் பார்க்கும்! எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. ரெண்டு வார்த்தைக்கு நடுவுல டபுள் ஈக்வல் போட்டா, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு ஜாவா பார்க்காது. மெமரியில ரெண்டும் ஒரே அட்ரஸ்ல குடியிருக்கான்னுதான் பார்க்கும். ஒரே வீடுன்னா 'சரி'ங்கும். வேற வேற வீடா இருந்தா, உள்ளே அச்சு அசலா ஒரே சரக்கு இருந்தாலும் 'தவறு'ன்னு கையை விரிச்சிடும். அதனால ஈக்வல்ஸ்னு எழுதணும். அதுதான் உள்ளே இருக்கிறதைப் பார்க்கும். அட்ரஸைப் பார்த்து எடை போடறவன் அடிமுட்டாள்! மண்டையில ஏறிச்சா?"

"ஏறிச்சு சார்."

"இன்னிலேர்ந்து உன் பேரே டபுள் ஈக்வல்தான். உட்காரு."

அந்தப் பெயர் கோர்ஸ் முடிகிறவரை பசை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டது. அவள் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தப்பை மறுபடி செய்யவும் இல்லை.

கடைசிப் பரீட்சையில் அவளும் முன்வரிசை டை கட்டின பையனும் ஒரே மார்க். இரண்டு பேர் ப்ரோகிராமிலும் சார் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகத் தேடினார். ஒரு செமிகோலன்கூட விட்டுப்போகவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"ஒரே ஒரு ஆள் போதும் சார். நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்களுக்கு வேலை. உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது."

சாருக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்தார்.

"ரெண்டு பேரும் சமம்தான். ஆனா சீட்டு ஒண்ணுதான்" என்றார், நீதிபதி மாதிரி சாய்ந்து உட்கார்ந்து. தான் பெரிய நியாயஸ்தர் என்பதில் அவருக்கு என்றைக்குமே சந்தேகம் வந்ததில்லை.

"சார், அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. வீட்டுல இப்ப சம்பாதிக்க யாருமே இல்லை. இது கிடைச்சா..." என்றாள் பெண்.

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். தம்பி, உனக்கு வீடு எங்கே?"

"பூங்காவுக்கு எதிர்ல, புது அபார்ட்மென்ட் சார்."

"பேஷ்! உனக்கு?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சார். மரக்கடைச் சந்து."

சாரின் மூக்கு தானாகச் சுளித்தது. கேட்டைத் தாண்டினால் கார் டயருக்கே அவமானம் என்று நினைக்கிற மனுஷன்.

"அந்தச் சந்தா! மழை பெஞ்சா வீட்டுக்குள்ளயே முழங்கால் தண்ணி நிக்கும். பொழுதன்னைக்கும் மரம் அறுக்கிற சத்தம். அங்கேர்ந்து வர்றவளைப் பெரிய கம்பெனிக்கு அனுப்பினா என்னைப் பத்தி என்னம்மா நினைப்பாங்க? பேச்சு, பழக்கம், தோரணைன்னு எவ்வளவு இருக்கு!"

"ரெண்டு பேர் ப்ரோகிராமும் ஒண்ணுதானே சார்?"

"ப்ரோகிராம் மட்டும் போதுமா?"

அவள் கண்ணெதிரிலேயே போனை எடுத்தார். டை கட்டின பையனின் பெயரைச் சொன்னார். பையன் ஆயிரம் நன்றி சொல்லிவிட்டு ஓடினான்.

அவள் மட்டும் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"முழங்கால் தண்ணின்னு சரியாச் சொன்னீங்க சார்."

"யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது" என்று சார் மவுஸை அவசரமாக உருட்டினார்.

"எங்க வீட்டுக்காரம்மா சொல்வாங்க சார். 'உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல குடியிருந்த பையன், தண்ணி ஏறினா கட்டில் மேல உட்கார்ந்து படிப்பான். இப்ப பெரிய ஜாவா வாத்தியாரா இருக்கான்'னு. அவங்க உங்க பேரைச் சொன்னதைக் கேட்டுத்தான் நான் இங்க வந்து சேர்ந்தேன். வகுப்புல யார்கிட்டயும் மூச்சு விடலை."

மவுஸ் அப்படியே நின்றுவிட்டது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவருகில் போய்த் திரும்பினாள்.

"உங்களையும் என்னையும் ஒப்பிட ஈக்வல்ஸே வேண்டாம் சார். டபுள் ஈக்வல் போட்டாலே 'சரி'ன்னுதான் வரும்."