பதினைந்து ஜோடி

"ரெண்டு பொண்ணுங்க ஜோடி சேர்ந்து ஆடறதா? என் பள்ளிக்கூடத்துல அது நடக்காது!"

தலைமையாசிரியை ஹலினா மேசையைத் தட்டினார். இறுதித் தேர்வுக்கு நூறு நாள் முன்னதாக நடக்கும் விருந்தில், மாணவர்கள் ஜோடி ஜோடியாகப் பொலோனெஸ் என்னும் போலந்து நடனம் ஆடுவது வழக்கம். அதில் வகுப்புத் தோழி மிலேனாவோடு ஆட அனுமதி கேட்டுத்தான் கிங்கா வந்திருந்தாள். இருவரும் காதலிப்பது பள்ளிக்கே தெரியும்.

"கடைசி ஜோடியா நின்னு ஆடிட்டுப் போயிடறோம் மேடம்."

"மேயர் வர்றார், ஃபாதர் வர்றார். பெத்தவங்க எல்லாம் கேமராவும் கையுமா உட்கார்ந்திருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் கைகோத்து வந்தா என் மானம் என்ன ஆகறது? உனக்கு நானே ஒரு ஜோடி பார்த்து வெக்கறேன், போ!"

பக்கத்துப் பள்ளியிலிருந்து எந்தப் பையனைப் பிடித்து வந்து தன் தலையில் கட்டப்போகிறாரோ என்று மறுகியபடியே, கிங்கா மறுநாள் ஒத்திகைக்குப் போனாள்.

விளையாட்டு ஆசிரியர் பட்டியலை வாசித்தார். "கிங்கா... யுஸ்டினா!"

கூடப் படிக்கும் பெண்ணின் பெயரைக் கேட்டதும் கிங்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வகுப்பில் இருபத்தாறு பெண்கள், நான்கே பையன்கள். அந்த நால்வருக்குப் போக, மீதிப் பதினோரு ஜோடியும் பெண்ணும் பெண்ணுமாகக் கைகோத்து நின்றன. அந்தக் கோடியில் மிலேனாகூட வேறொருத்தியின் கையைப் பிடித்திருந்தாள்.

கிங்கா வாசலில் நின்ற ஹலினாவிடம் ஓடினாள். "மேடம், யுஸ்டினாவும் பொண்ணுதானே?"

"இருந்தா என்ன?" என்றார் ஹலினா நிதானமாக. "அவளுக்கு உன்மேல ஆசை இல்லையே!"